கொட்டியாரக் குடாவும் கஸ்கற் என்னும் சிறு தகடும்

பழுது திருத்துதற்பொருட்டு வந்த ஒரு கப்பலினாலே உலக வரலாற்றில் இடம்பெற்ற துறை கொட்டியாரம். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினக் கரையிலே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல். அது புதுப் பாய்மரம் பொருத்திக்கொள்ளவும், அவ்வேளையிற் சிறிது வணிகம் செய்யவும் இக்குடாவை நாடி வந்தது. அடுத்த ஆண்டில், கப்பற்றலைவராகிய ரொபேர்ட் நொக்ஸும் அதே பெயர் தாங்கிய அவருடைய மகனும் மூதூர்க் கரையிலே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே மாண்டார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தாம் கண்ட இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலை அறிந்தோர் பலர். அக்கப்பல் எதற்காக வந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. முறிந்ததைச் சீர்செய்து மீண்டும் ஓடவிட வேண்டும் என்னும் தேவையே அதனை இங்குக் கொணர்ந்தது.

அக்கொட்டியாரக் குடாவின் தென்புறத்திலே, மூதூருக்குக் கிழக்கே அமைந்த பழம்பதி சம்பூர். பத்திரகாளி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர். வயலும் கடலும் கால்நடையும் அவ்வூரார்க்கு வாழ்வளிப்பன. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இப்பகுதியில் தரைவழிப் பயணம் நெடுங்காலம் எளிதாக இருந்ததில்லை. ஆறுகளும் களப்புகளும் குறுக்கிட்டமையாற் பாதையேறியும் தோணியேறியுமே செல்ல வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கடல்வழியே போவதே பலர்க்கும் வழக்கம். இத்தகைய நிலத்திலே இயந்திரம் நின்றுவிட்டால் வாழ்வும் நின்றுவிடும். நடுக்குடாவில் நின்ற படகையோ, விதைப்புக் காலத்தில் நின்ற உழவு இயந்திரத்தையோ, நோயாளியை ஏற்றிய வழியில் நின்ற காரையோ உடனே சென்று பார்க்கப் பெரிய பட்டறை எதுவும் பக்கத்தில் இல்லை. பக்கத்தில் இருப்பவன் அறிவே பட்டறை.

அவ்வறிவின் வரலாற்றை அறிவதற்கு ஒரு சிறு பொருளைத் தெரிந்துகொள்ளலாம். அப்பொருளின் பெயர் கஸ்கற். இயந்திரத்தின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்திலே, காற்றோ எண்ணெயோ புகையோ கசியாதபடி இடையில் வைக்கப்படும் மெல்லிய தகடே அது. இச்சொல் கராச்சிற் பிறந்த சொல் அன்று. கடலிற் பிறந்த சொல். பாய்க்கப்பல்களின் காலத்திலே, சுருட்டிய பாயைக் குறுக்கு மரத்தோடு சேர்த்துக் கட்டும் சிறு கயிற்றையே ஆங்கில மாலுமிகள் அப்பெயரால் அழைத்தனர். பின்னர் நீராவி இயந்திரம் தோன்றியது. உருளைக்கும் அதனுள் ஓடும் பிஸ்ரனுக்கும் இடையே நீராவி கசியாதிருக்கப் பின்னிய சணற்கயிற்றைச் சுற்றி அடைத்தனர். கயிற்றின் பெயர் அடைப்புக்கு ஆயிற்று. கயிறு போய்த் தோலும், இரப்பரும், செம்பும் வந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

தமிழ்க் கடலோடிகள் இத்தொழிலைக் கற்பதற்கு நீராவிக் காலம் வரை காத்திருந்தவர்கள் அல்லர். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியிலே நாரும் பஞ்சும் திணித்து, எண்ணெயும் குங்கிலியமும் சேர்த்துப் பூசி நீர் புகாமற் செய்யும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கலப்பற்றின் நுட்பம் யாது? அடைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆயினும் கல்லைப்போல இறுகிவிடலாகாது. அலையிலே பலகைகள் சிறிது அசையும். அடைப்பும் அவற்றோடு அசைய வேண்டும். அசைய மறுக்கும் அடைப்பு வெடித்துவிடும். கார் இயந்திரத்தின் கஸ்கற்றும் இவ்விதிக்கு உட்பட்டதே. அங்கே அலைக்குப் பதிலாக வெப்பம் நின்று அசைக்கின்றது.

1876இல் ஜேர்மனியிலே நிக்கொலவுஸ் ஒட்டோ நான்கடி இயந்திரத்தைச் செய்துகாட்டினார். 1886இல் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமப் பத்திரம் பெற்றார். அன்று தொடங்கி இவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வாயில். மற்றையது எரிந்த புகை வெளியேறும் வாயில். உருளைகள் நான்கானால், காபரேற்றரிலிருந்து வரும் கலவையை நான்குக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு கிளைக்குழாய் வேண்டும். நான்கிலிருந்தும் வரும் புகையைத் திரட்டி ஒரே குழாயிற் செலுத்த இன்னொரு கிளைக்குழாய் வேண்டும். இவற்றையே கராச்சுகளில் மனிபோல்ட் என்பர். முன்னதை உள்வழிக் குழாய் என்றும் பின்னதைப் புகைவழிக் குழாய் என்றும் இங்குக் கூறலாம். இவ்விரு குழாய்களும் இயந்திரத்தின் தலையோடு பொருந்தும் முகத்திலே இருப்பதுதான் மனிபோல்ட் கஸ்கற்.

இலங்கை மக்களுக்கு மிகவும் பழக்கமான பழைய காரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்திலே வெளியிடப்பட்டது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாகியபின், ஒஸ்ரினுடைய 'ஏ' வரிசை இயந்திரம் மைனருக்குள் வந்தது. 1951இல் தோன்றிய அவ்வரிசை, சிறுசிறு மாற்றங்களோடு 2000ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. அதன் அண்ணன் எனத்தக்க 'பி' வரிசை இயந்திரம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய கார்களில் ஓடியது. தமிழகத்துக்கும் இக்குடும்பம் அந்நியம் அன்று. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், சென்னையை அடுத்த எண்ணூரில் ஒஸ்ரின் ஏ-40 கார்களைப் பொருத்தியே தன் தொழிலைத் தொடங்கியது. மொறிஸ் ஒக்ஸ்போர்டின் மறுபிறப்பாகிய அம்பாசடர், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டது.

இவ்விரு வரிசை இயந்திரங்களிலும் உள்வழிக் குழாயும் புகைவழிக் குழாயும் தலையின் ஒரே பக்கத்தில் அமைந்துள்ளன. உள்வழி வாயில்கள் இரண்டு. புகைவழி வாயில்கள் மூன்று. ஆக ஐந்து வாயில்களுக்கும் ஒரு கஸ்கற். ஒரே தகட்டின் ஒரு துளையிலே குளிர்ந்த கலவை உள்ளே செல்ல, அடுத்த துளையிலே பல நூறு பாகை வெப்பமுடைய புகை வெளியே பாய்கின்றது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது உள்வழிக் குழாயினுள் இருக்கும் அமுக்கம், வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கத்தின் பாதிக்கும் குறைவாக இருக்கும். ஆகவே அங்கு வெடிப்பு உண்டானால் வெளிக்காற்று உள்ளே புகும். புகைவழியில் வெடிப்பு உண்டானால் புகை வெளியே சீறும். ஒரு தகடு ஒரே நேரத்தில் உள்ளே வருவதையும் தடுக்க வேண்டும். வெளியே போவதையும் தடுக்க வேண்டும்.

அதற்குமேல் அதனை வருத்துவது உலோகத்தின் விரிவு. வார்ப்பிரும்பு ஒரு பாகை வெப்பம் ஏற, தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு நீளும். சொல்லிக் கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள புகைவழிக் குழாய் 400 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1.8 மில்லிமீற்றர் நீண்டுவிடும். நீராற் குளிர்விக்கப்படும் தலையோ அவ்வளவு சூடேறுவதில்லை. அது கால் மில்லிமீற்றருக்குச் சிறிது மேலே நீண்டு அமையும். ஒவ்வொரு முறை காரை ஓட்டி நிறுத்தும்போதும் குழாய் நீண்டு சுருங்கிக் கஸ்கற்றின் மேல் உரசிச் செல்கின்றது. ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிகழும். நட்டுகள் தளரும், குழாயின் முகம் வளையும், தகட்டின் நார் கருகும். பழைய காரிலே இத்தகடு பழுதாவது யாருடைய குற்றமும் அன்று. அது தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. விலையுயர்ந்த இரு வார்ப்புகளைக் காப்பதற்காக மலிவான ஒன்று தேய்கின்றது.

பழுதின் அடையாளங்களை அக்காலத்து மெக்கானிக்குகள் காதாலும் கண்ணாலுமே கண்டனர். குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்கியதும் 'டிக், டிக்' என்னும் ஒலி எழுந்து, சூடேறியபின் அடங்குமானால் அது புகைவழிக் கசிவு. சூட்டிலே உலோகம் விரிந்து வெடிப்பைத் தானே மூடுவதால் ஒலி அடங்குகின்றது. கசிந்த இடத்திலே கரி படிந்திருக்கும். மெதுவாக ஓடவேண்டிய இயந்திரம் காரணமின்றி விரைந்தோடினும், தடுமாறினும், காபரேற்றர் வழியே வெடியோசை கேட்பினும் உள்வழிக் கசிவு என்று கொள்வர். அளவின்றிப் புகுந்த காற்றாற் கலவை மெலிகின்றது. மெலிந்த கலவை வால்வுகளைச் சுடுகின்றது. இவற்றுள் மிகக் கொடியது ஒலியில்லாக் கசிவு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலே ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு அது பற்றிக்கொள்ளும். மாரிகாலத்திலே கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காரினுள் இருப்போர்க்கு இக்கசிவு உயிர்க்கேடாக முடியலாம்.

இனி, இத்தகட்டின் இலங்கை வரலாற்றைக் காண்போம். 1960களின் தொடக்கத்திலே வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியினாற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுக் காரும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. ஆகவே நாட்டிலிருந்த மைனர்களும் கேம்பிரிட்ஜ்களும் முதுமையடைய உரிமையில்லாதவையாயின. இங்கிலாந்திலே பத்தாண்டில் உடைத்து வீசப்பட்ட கார், இங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. கஸ்கற் கிடையாதபோது மெக்கானிக்குகள் அதனைக் கையாற் செய்தனர்.

செய்யும் முறை எளியது. அதன் பின்னுள்ள அறிவு எளியது அன்று. கழற்றிய குழாயின் முகத்திலே தாளையோ அடைப்புத் தாளையோ வைத்து, சிறு சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பு நெடுகத் தட்டுவர். உலோக விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டிவிடும். காபரேற்றரின் அடிக்குத் தடித்த எண்ணெய்த் தாள் போதும். புகைவழி முகத்துக்கு அது சாம்பலாகிவிடும்; அங்கே செம்புத் தகடு வேண்டும். செம்பைத் தணலிற் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். உருக்கு அவ்வாறு செய்தால் வன்மையாகும், செம்போ மென்மையாகும். மென்மையான செம்பு முகத்திலுள்ள மேடுபள்ளங்களிற் பொருந்தி அமரும். எந்த இடத்துக்கு எந்தப் பொருள் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. பெட்டியின் மேலும் எழுதியிருக்கவில்லை. வெப்பம் எங்கே, அமுக்கம் எங்கே, அசைவு எங்கே என்று அறிந்தவனே அதனைத் தேர்ந்தான்.

மாற்றும் வேலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இயந்திரம் நன்றாக ஆற வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைப்பர். அவசரப்பட்டு முறுக்கினால் ஸ்ரட் ஆணி தலையோடு முறிந்துவிடும், பின்னர் ஒருமணி வேலை இரண்டு நாளாகும். இதை உணர்ந்தே பழைய இயந்திரங்களிற் பித்தளை நட்டுகளை இட்டனர். பித்தளை உருக்கோடு துருப்பிடித்து ஒட்டுவதில்லை. எரிபொருட் குழாய், காபரேற்றர், புகைக்குழாயின் கழுத்துப்பிடி ஆகியவற்றைக் கழற்றியபின், ஓரத்து நட்டுகளிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துவர். வாயில்களிலே துணி அடைத்துப் பழைய தகட்டை அகற்றி, முகத்தின்மேல் நேர்விளிம்புள்ள இரும்பை நிறுத்தி ஒளி புகுகின்றதா என்று பார்ப்பர். முகம் வளைந்திருப்பின் எத்துணை நல்ல கஸ்கற்றும் பயன்தராது; முதலில் முகத்தை மட்டஞ்செய்ய வேண்டும். புதுத் தகட்டை வைத்துப் பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே மூச்சில் அன்றிப் பல சுற்றாக இறுக்குவர். பின்னர் இயந்திரத்தைச் சூடேறும் வரை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடியும் ஒருமுறை இறுக்குவர். சூட்டிலே தகடு சற்று நசிந்து தளர்வதால் இக்கடைசிச் செயல் இன்றியமையாதது. அதனை மறந்தவன் அடுத்த மாதமும் அதே வேலையைச் செய்வான்.

இவ்வறிவு கடுஞ்சோதனைக்கு உள்ளான காலம் 1990க்குப் பின் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்தில் யாழ்ப்பாண வீதிகளிலே மைனரும், ஏ-40உம், கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். வெண்புகையும் கடுநாற்றமும் கிளம்பின. எனினும் கார் ஓடியது. நோயாளியும் ஓடினார், மணமகளும் ஊர்வலம் போனாள்.

இது எவ்வாறு இயன்றது? பெற்றோல் 40 பாகை அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 150 பாகை வேண்டும். முழுவதும் ஆவியாவதற்கு அதனினும் மிகுதியான வெப்பம் வேண்டும். ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இவ்வுண்மையை உழவு இயந்திரம் செய்தோர் முன்னரே அறிவர். 1917இல் ஹென்றி போர்ட் வெளியிட்ட போர்ட்சன் உழவு இயந்திரமும், பின்னாளில் 1949ஐ ஒட்டி வந்த பேர்கசன் டி.ஈ.டி.-20உம் பெற்றோலிலே தொடங்கி மலிவான எண்ணெயிலே ஓடுமாறு அமைக்கப்பட்டன. அவற்றின் உள்வழிக் குழாயைப் புகைவழிக் குழாயின் சூடு தாக்கும்படி வைத்தனர். அழுத்த விகிதத்தையும் குறைவாக அமைத்தனர். பழைய ஆங்கிலக் கார்களிலும் இரு குழாய்களும் ஒரே பக்கத்தில், ஒன்றன் சூடு மற்றொன்றை எட்டும்படி அமைந்திருந்தமை யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்குத் துணையாயிற்று. புதுமையான ஜப்பானியக் கார்கள் வீட்டு முற்றத்தில் மூடிக் கிடக்க, தள்ளாத கிழவர்கள் போன்ற அக்கார்கள் வீதிக்கு வந்தன. ஆனால் சூட்டை நம்பி ஓடும் இயந்திரத்தில் அக்குழாய்களின் கஸ்கற் பழுதாயின் எல்லாமே பழுதாகும். வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும், மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே அத்தகட்டின் நலமே அக்காரின் உயிர்.

இதே 1990களில் தென்னிலங்கையிலே நிகழ்ந்தது ஒன்றையும் இங்கு நினைத்தல் தகும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பார், நன்றாகப் பேணினாற் பழைய கார் நெடுங்காலம் உழைக்கும் என்னும் கருத்தைப் பரப்பி வந்தவர். அவர் இலங்கையரோடு கூட்டுச்சேர்ந்து, மைனருக்குரிய உதிரிப்பாகங்களை இந்நாட்டிலே செய்வித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார். பிறந்த நாட்டிலே மறக்கப்பட்ட காரின் பாகங்கள், அதனை மறவாத நாட்டிலிருந்து திரும்பிச் சென்றன. தீவின் ஒரு முனையிலிருந்து அப்பாகங்கள் கப்பலேறிய காலத்திலே, மறுமுனையில் ஒரு தகட்டுக்காகத் தகரத்தையும் செம்பையும் வெட்டிக்கொண்டிருந்தனர். 1996க்குப் பின் ஆட்சி மாறிய பின்னரும், ஏ-9 வீதி 2002 வரை திறக்கப்படவில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே பிரித்தானியர், துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்க நூறளவான எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீக்கிரையாகியது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசியாவின் பெரிய எண்ணெய்க் களஞ்சியங்களுள் ஒன்று குடாவின் ஒரு கரையில் நிற்க, மறுகரையிலுள்ள மக்கள் போத்தலில் எண்ணெய் தேடிய காலங்கள் பல. 2006இற் சம்பூர் மக்கள் போரினால் முற்றாக இடம்பெயர்ந்து கிளிவெட்டி முதலிய இடங்களிலே முகாம்களில் வாழ்ந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. 2015 தொடக்கமே அவர்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். இடம்பெயர்ந்தவன் வீட்டையும் வயலையும் படகையும் தோளிலே சுமந்து செல்ல இயலாது. கையோடு சென்று கையோடு திரும்பியது தொழிலறிவு ஒன்றே.

திரும்பியவர்களுக்கும் காலம் ஓய்வு கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடையிலே 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டன. கரையோர மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. ஒரு கசிவினால் வீணாகும் எண்ணெய் முன்னர் கவலைக்குரியதாகத் தோன்றாதிருக்கலாம். அவ்விலையிலே அது ஒருநாட் பிடிப்பின் ஊதியத்தை விழுங்கும். பழையதைப் பேணும் கலை மீண்டும் வயிற்றோடு தொடர்புடைய கலையாயிற்று.

இத்துணைப் பெருமையும் உடைய இவ்வறிவிலே ஒரு பெருங்குறை இருந்தது. அக்குறை மெக்கானிக்குகளுடையது அன்று. அவர்களுக்குச் சொல்லாது விட்டவர்களுடையது. பழைய கஸ்கற்றுகளிலே வெப்பத்தைத் தாங்கும் நாராக இருந்தது கல்நார், அதாவது அஸ்பெஸ்ரஸ். அது எரிவதில்லை, மலிவானது, செம்போடு நன்கு சேரும். ஆகவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதனையே இட்டனர். ஆனால் அதன் நுண்ணிய நார் மூச்சோடு நுரையீரலிற் சென்றால் வெளிவருவதில்லை. கல்நார்த் தொழிலாளரின் நுரையீரல் நோய் பற்றி 1930இலேயே பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கிடைத்தது. 1960இல் தென்னாபிரிக்காவிலே வாக்னரும் அவருடைய தோழர்களும் நுரையீரலைச் சூழ்ந்த சவ்விலே தோன்றும் புற்றுநோயைக் கல்நாரோடு தொடர்புபடுத்திக் காட்டினர். அந்நோய் நார் உட்சென்று பல பத்தாண்டுகள் கழிந்தே வெளிப்படும். பிரித்தானியா 1999இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. இலங்கை 1987இல் நீலக் கல்நாரை மட்டும் தடைசெய்தது.

கருகிய தகட்டை உலர்ந்தபடியே சுரண்டி, கம்பித் தூரிகையாற் தேய்த்து, வாயால் ஊதித் துடைப்பதே கராச் வழக்கம். முதலாளியின் அருகே நின்று கருவி எடுத்துக்கொடுத்த சிறுவனும் அத்தூசியைச் சுவாசித்தான். எந்த நட்டு எப்பக்கம் திரும்பும் என்பதை அவனுக்குக் கற்பித்தோர், தூசியின் இயல்பைக் கற்பிக்கவில்லை. அவர்களுக்கே அது தெரியாது. இன்று செய்யப்படும் தகடுகளிற் பெரும்பாலானவை வேறு நாராலும், காரீயக்கரியாலும், உருக்குத் தகட்டாலும் ஆனவை. ஆயினும் பழைய இயந்திரத்தினுள் இருப்பதும், பழைய கடைப்பெட்டியில் எஞ்சியிருப்பதும் கல்நாராக இருக்கக்கூடும். ஆதலாற் பழைய தகட்டைக் கழற்றுமுன் சோப்புக் கலந்த நீரால் நன்றாக நனைக்க வேண்டும். நனைந்தபடியே மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊதுதலும், காற்றுக் குழாயாற் பீச்சுதலும், உலரத் தேய்த்தலும் கூடா. எடுத்ததை ஈரத்தோடு பொலித்தீன் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும். வேலை முடியும் வரை குழந்தைகளைப் பக்கத்தில் விடலாகாது. இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு வாளி நீர் போதும்.

இறக்குமதி மூடப்பட்ட காலங்களிலும், வீதிகள் மூடப்பட்ட காலங்களிலும் பழைய இயந்திரங்களை ஓடவைத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் கண்டவர்கள் அல்லர். அவர்களுடைய பெயர்களை வரலாற்று நூல்கள் குறித்து வைக்கவில்லை. 'இதை இப்படிச் செய்' என்பதோடு நில்லாது, 'ஏன் இப்படி' என்று கேட்டு அறிந்தமையாலேயே அவர்கள் இல்லாத பொருளுக்கு ஈடு கண்டனர். அவ்வினா எங்கே கேட்கப்படாது விடப்பட்டதோ, அங்கே தூசி நுரையீரலுள் நுழைந்தது. ஆகவே அத்தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது திருகியோடு சேர்த்துக் காரணத்தையும் கொடுத்தல் வேண்டும். பாடசாலைகளிலே வெப்பத்தால் உலோகம் விரியும் என்னும் பாடத்தைப் படிக்கும் மாணவனை, அயலிலுள்ள கராச்சுக்கு அழைத்துச் சென்று ஒரு பழைய குழாயின் வளைந்த முகத்தைக் காட்டினால், அப்பாடம் அவனை விட்டு நீங்காது.

பாய்மரம் முறிந்த கப்பலொன்று கொட்டியாரத்தை நாடி வந்து 360 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. பாய்க்கயிற்றின் பெயரைத் தாங்கிய சிறு தகடு இன்றும் அக்குடாவைச் சுற்றியுள்ள கராச்சுகளின் சுவர்களிலே ஆணியில் தொங்குகின்றது. அதனை எடுத்துப் பூட்டும் கை, அதற்குமுன் பழையதை நீரில் நனைக்கவும் மறவாதிருக்குமாக.